கூரத்தாழ்வானின் திருமாளிகை: நோயோடு வாழும் இல்லத்தார்க்கு

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீ பெருந்தேவித் தாயார் ஸமேத ஸ்ரீ தேவராஜ ஸ்வாமி திருவடிகளே சரணம்

அவதாரிகை

குலசேகரப் பெருமாள் அருளிச்செய்த பெருமாள் திருமொழியில் ஐந்தாம் திருமொழி, மலைநாட்டுத் திருவித்துவக்கோட்டு எம்பெருமானைப் பற்றியது. தமக்கு வேறு புகலில்லை என்பதை ஆழ்வார் அதிலே பல உவமைகளாலே விண்ணப்பம் செய்கிறார். முதற்பாசுரத்தில், தாய் சினந்து ஒதுக்கினாலும் அவளையே நினைந்து அழும் குழந்தை வருகிறது. இரண்டாவதில், கணவனையன்றி வேறொருவரை அறியாத குலமகள். மூன்றாவதில், தங்களைக் கவனியாத அரசனையே நோக்கியிருக்கும் குடிகள். நான்காவதில், அறுவை செய்து வலி கொடுக்கிற வைத்தியனிடமே மாறாத அன்பு வைத்து, திரும்பத் திரும்ப அவன் வாசலுக்கே செல்லும் நோயாளி.

இந்த வரிசை ஊன்றி நோக்கத்தக்கது. தாயும் சேயும், கணவனும் மனைவியும் என்று இல்லத்திலே தொடங்கிய ஆழ்வார், அடுத்த இரண்டாம் அடியிலேயே நோயாளியிடம் வந்துவிடுகிறார். குழந்தைக்கும் மனைவிக்கும் கொடுத்த அதே இடத்தை நோயாளிக்கும் கொடுத்து, இவர்கள் எல்லாரும் ஒருவனையே பற்றி நிற்பவர்கள் என்று காட்டுகிறார். அந்த நோயாளியின் நோய் தீர்ந்தது என்று ஆழ்வார் எங்கும் சொல்லவில்லை. நீங்காத துன்பமே வந்தாலும் உன் அருளையே பார்த்திருப்பேன் என்பதுதான் பாசுரத்தின் திரண்ட பொருள். ஆக, தீராத நோயோடு வாழ்பவனைக் குறித்து நம் அருளிச்செயலில் ஒரு பாசுரமே இருக்கிறது.

இன்று நம் அடியார்கள் இல்லங்களிலே இத்தகைய நோய் இல்லாத வீடு அரிது. நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள், வாரந்தோறும் டயாலிசிஸுக்குச் செல்பவர்கள், வாதத்தால் ஒரு பக்கம் செயலற்றவர்கள், மூட்டுவலியால் கோயிற்படி ஏற மாட்டாதவர்கள் பலர். இவர்கள் உள்ளத்திலே மூன்று கவலைகள் எழுகின்றன. சரணாகதி பண்ணியும் இந்நோய் வந்ததே, பெருமாள் என்னைக் கைவிட்டாரோ என்பது முதலாவது. செய்துவந்த கைங்கர்யம் எல்லாம் நின்றுபோயிற்றே என்பது இரண்டாவது. பெண்டு பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேனே என்பது மூன்றாவது. இவற்றுள் மூன்றாவதே மிகக் கொடியது. வீட்டில் விசேஷம் நடந்தாலும் உள்ளறையில் ஒதுங்கிக்கொள்ளச் செய்வதும், பேரக்குழந்தை மடியில் ஏறினாலும் சிரிப்பு வராமல் தடுப்பதும் அதுவே.

இம்மூன்று கவலைகளுக்கும் விடை சொல்லும் திருமாளிகை ஒன்று நம் கச்சிப்பதியை ஒட்டியே தோன்றியது. அது கூரத்தாழ்வானுடையது.

கூரத்திலிருந்து திருவரங்கத்துக்கு

காஞ்சீபுரத்துக்கு அருகே உள்ள கூரம் என்னும் சிற்றூரிலே, தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்திலே ஆழ்வான் திருவவதரித்தார். 1010 என்று ஆண்டைக் கணக்கிடுவர். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது அவருடைய இயற்பெயர். பெருஞ்செல்வக் குடியிலே பிறந்து, வந்தவர்க்கெல்லாம் நாள்தோறும் அன்னமிட்டவர். இரவில் அவர் திருமாளிகைக் கதவுகளைச் சாத்தும் ஓசை அத்திகிரியிலே எழுந்தருளியிருக்கும் தாயார் திருச்செவியில் விழுந்தது என்றும், அது என்ன ஓசை என்று கேட்டருளினாள் என்றும், திருக்கச்சிநம்பி வாயிலாக அதை அறிந்த ஆழ்வான், தன் செல்வம் இத்தனை ஓசையிடுகிறதே என்று நாணி அனைத்தையும் துறந்தார் என்றும் குருபரம்பரை கூறும்.

அவருடைய தேவிகள் ஆண்டாள். இருவரும் திருவரங்கத்துக்கு நடந்து செல்கையில், காட்டுவழியிலே ஆண்டாளுக்கு அச்சம் உண்டாயிற்று. கையில் பொருளில்லாதவர்க்கு அச்சம் ஏன் என்று ஆழ்வான் வினவ, அவர் அமுது செய்யும் பொன்வட்டில் ஒன்றை மட்டும் எடுத்து வந்திருப்பதாக அம்மையார் தெரிவித்தார். ஆழ்வான் அதையும் வாங்கி எறிந்துவிட்டார். தனக்கென்று அவள் ஒரு நகையையும் கொண்டுவரவில்லை. கணவன் பருகுவதற்கு நல்ல வட்டில் வேண்டுமே என்ற ஒன்றே அவளுடைய எண்ணம். ஆழ்வானின் வைராக்யம் மட்டுமன்றி, அந்த இல்லறத்தின் இனிமையும் இந்த ஐதிஹ்யத்திலே தெரிகிறது.

திருவரங்கத்திலே உஞ்சவ்ருத்தியால் காலம் நடந்தது. ஒருநாள் விடாமழை. வெளியே செல்ல இயலவில்லை, இருவரும் பட்டினி. இரவில் பெரிய பெருமாளுக்குத் தளிகை அமுது செய்யப்பண்ணும் மணியோசை கேட்டது. அடியார் இங்கே பட்டினியாயிருக்க அங்கே அமுது செய்கிறீரோ என்று ஆண்டாள் நெஞ்சுக்குள் எண்ணினாள். சிறிது நேரத்திலே கோயில் ப்ரஸாதம் மேளதாளத்தோடு திருமாளிகைக்கே வந்துவிட்டது. ஆழ்வான் திகைத்து, நீ ஏதேனும் நினைத்தாயோ என்று கேட்க, அவள் மறைக்காமல் சொன்னாள். அந்த ப்ரஸாதத்தின் பலனாகவே பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும் அவதரித்தனர் என்பர் பெரியோர்.

கண் இழப்பதற்கு முன்பே இந்த இல்லம் எதனால் மகிழ்ந்திருந்தது என்பதை அறிவதற்காகவே இவற்றை விரித்துச் சொல்ல நேர்ந்தது. செல்வம் இல்லை, நாளைக்கு அரிசி உண்டோ என்பதும் நிச்சயமில்லை. கணவனிடம் மனைவி மனத்தை மறைப்பதில்லை. பசித்தால் பசிக்கிறது என்று பெருமாளிடமே சொல்லிவிடுவாள். இந்த ஒளிவின்மையே பின்னால் வந்த பேரிடரை அவர்கள் தாங்குவதற்கு முதலாயிற்று.

கண்ணை இழந்த பின்

உடையவரைச் சோழ மன்னன் அழைத்தபோது, ஆசார்யனைக் காக்க வேண்டி அவருடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு, பெரிய நம்பிகளுடன் ஆழ்வான் அரசவைக்குச் சென்றார். கொள்கையை விட்டுக்கொடாத அவ்விருவரும் அங்கே கண்களை இழந்தனர். பெரிய நம்பிகள் திரும்பும் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். ஆழ்வான் திருவரங்கம் திரும்பினார்.

அங்கே வேறொரு சோதனை காத்திருந்தது. உடையவர் ஸம்பந்தம் உடையவர்களைக் கோயிலுக்குள் விடலாகாது என்ற ஆணை இருந்தது. ஆயினும் ஆழ்வான் நல்லவராயிற்றே, அவரை மட்டும் விடலாம் என்றனர் சிலர். உடையவர் திருவடி ஸம்பந்தத்தை விட்டுப் பெறும் நன்மை வேண்டா என்று ஆழ்வான் திரும்பிவிட்டார். பின்னர்க் குடும்பத்தோடு திருமாலிருஞ்சோலைக்குச் சென்று தங்கினார்.

நோயால் மெலிவதும் கொடுமையால் உறுப்பை இழப்பதும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும், விடியும்போதெல்லாம் உடலில் அதே குறையோடு கண்விழித்து, அதே குறையோடு அந்த நாளை இல்லத்தாரோடு நடத்தவேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. எனவே, அழகர்மலையிலே ஆழ்வான் என்ன செய்தார் என்பது நோயாளிகள் அனைவர்க்கும் உரிய கேள்வி.

அவர் அங்கே ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளிச்செய்தார். நூற்றுக்கும் மேற்பட்ட ச்லோகங்கள் கொண்ட அந்த ஸ்தோத்ரம் அழகனின் அழகைப் பாடுகிறது. மலையையும் சோலையையும் பாடி, திருமுடி தொடங்கித் திருவடி வரையில் எம்பெருமானுடைய ஒவ்வோர் அவயவத்தையும் பாடுகிறது. கண்ணில்லாதவர் பாடியது, கண்ணால் காணவேண்டிய பொருளை! முன்பு ஸேவித்ததும், ஆழ்வார்கள் பாசுரத்திலே கற்றதும், உடனிருந்தவர் சொல்லக் கேட்டதும் அவருள்ளே மலையாக நின்றன. இழந்த கண்ணைப் பற்றிய புலம்பலாக அந்த நூலை அவர் ஆக்கவில்லை.

இதிலிருந்து முதற்கவலைக்கு விடை கிடைக்கிறது. பெருமாள் கைவிட்டிருந்தால் இந்த ஸ்தவம் பிறந்திருக்குமோ? சரணாகதி பண்ணியவனுக்கு முன்வினைக் குவியல் அழிந்துவிடுகிறது. பலன் கொடுக்கத் தொடங்கிவிட்ட ப்ராரப்தமோ இவ்வுடல் உள்ளவரை அனுபவித்துக் கழிய நிற்கிறது என்பது நம் ஸித்தாந்தம். ஆகையால் உடலில் நோய் இருப்பது சரணாகதி பலியாமைக்கு அடையாளமாகாது. இன்ன பாவத்தால் இன்ன நோய் வந்தது என்று நோயாளியின் கட்டிலருகே நின்று கணக்குச் சொல்பவர்கள் சிலர் உண்டு. அவர்கள் ஆழ்வான் சரித்திரத்தைக் கேட்கவேண்டும். உடையவர் அழுதபோது, அடியார் ஒருவருடைய திருமண்காப்பு கோணலாயிருக்கிறது என்று தாம் எண்ணியிருக்கக் கூடும் என்று ஆழ்வான் தம்மையே சொல்லிக்கொண்டார். அது பிறர்மேல் குற்றம் சொல்லாமைக்காக அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட வார்த்தை. உடையவரோ, கேட்டுக்கொண்டிருந்த மற்றவரோ அப்படி அவரைச் சொல்லவில்லை. நோயாளி பணிவாலே சொல்லிக்கொள்ளலாம். உடனிருப்பவர்க்கு அந்த அதிகாரம் இல்லை.

உடையவர் கண்ணீரும் வரதன் ஸந்நிதியும்

ஆண்டுகள் பன்னிரண்டு கழிந்து, உடையவர் திருநாராயணபுரத்திலிருந்து திருவரங்கம் எழுந்தருளினார். ஆழ்வானைக் கண்டதும் அவரால் பேச இயலவில்லை. தனக்காகக் கண்ணைக் கொடுத்த சிஷ்யனைத் தழுவிக்கொண்டு கண்ணீர் விட்டார். ஜகதாசார்யர் அழுதார் என்பதைப் பூர்வர்கள் ஒளிக்காமல் எழுதிவைத்தது நம் பாக்யம். பக்தி உள்ள வீட்டிலே அழக்கூடாது, எப்போதும் மலர்ந்த முகத்தோடு இருக்கவேண்டும் என்று நோயாளியையும் அவர் மனைவி மக்களையும் நெருக்குவது ஸம்ப்ரதாயத்துக்கு ஒவ்வாது. அழுகை வரும்போது தழுவி அழுவதற்கு ஒருவர் இருப்பதே அந்த வீட்டின் மகிழ்ச்சிக்குத் தொடக்கம்.

அழுததோடு உடையவர் நிற்கவில்லை. காஞ்சிக்குச் சென்று பேரருளாளனிடம் கண்ணை வேண்டும்படி ஆழ்வானை நியமித்தருளினார். குணமாக வேண்டும் என்று விரும்புவது ப்ரபந்நனுக்குத் தகாது என்று எண்ணுபவர் இதைச் சிந்திக்கவேண்டும். ஆசார்யனே வேண்டச் சொல்கிறார். மருந்தைத் தேடுவதும், நல்ல வைத்தியரை நாடுவதும், பெருமாளிடம் சொல்லுவதும் நம்பிக்கைக் குறைவு ஆகா.

ஆழ்வான் வரதராஜ ஸ்தவம் அருளிச்செய்தார். அருளாளன் மகிழ்ந்து, வேண்டியதைக் கேள் என்று திருவாய்மலர்ந்தான். அப்போது ஆழ்வான் கேட்டது கண்ணை அன்று. தம் கண்ணிழப்புக்குக் காரணமாயிருந்த நாலூரானும் தாம் பெறும் பேற்றைப் பெறவேண்டும் என்று கேட்டார். வரதனும் தந்தருளினான். பின்னர், பெருமாளையும் உடையவரையும் மட்டும் காணும்படியான பார்வை அவருக்கு வாய்த்தது என்பர் பெரியோர்.

நாலூரானுக்காகக் கேட்டது ஆழ்வானுடைய பெருமை. அதை எல்லாரும் பேசுவர். இங்கே நமக்குப் பயன்படும் இன்னொரு பொருளும் உண்டு. நோய் நீண்டால் மனத்திலே பழைய கணக்குகள் கிளம்பும். அந்த வேலைதான் என் முதுகை ஒடித்தது, அந்த உறவினர் கொடுத்த மனக்கஷ்டந்தான் என் நெஞ்சுவலி, பிள்ளைகள் முன்பே வைத்தியரிடம் கூட்டிப்போயிருந்தால் கால் போயிராது என்றெல்லாம் எண்ணங்கள் வரும். இவற்றுள் சில உண்மையாகவும் இருக்கலாம். ஆழ்வானுக்கும் உண்மையான பகைவன் இருந்தான். அந்தக் கணக்கை அவர் வரதன் ஸந்நிதியிலே தீர்த்துவிட்டுத் திரும்பினார். அதன்பின் அந்தத் திருமாளிகையில் நாலூரானுக்கு இடமில்லை. நோயோடு கோபத்தையும் சேர்த்துச் சுமக்கிற வீட்டிலே மகிழ்ச்சி நுழைய வழி ஏது?

பாரம் என்னும் எண்ணம்

மூன்றாவது கவலையை இப்போது நோக்குவோம். ஆழ்வான் கண்ணில்லாமல் வாழ்ந்த காலத்திலே, அவர் நடக்கக் கைகொடுத்தவரும் அமுதிட்டவரும் உண்டு. அவர் சொல்ல ஸ்தவத்தைக் காதாலே கேட்டு நெஞ்சிலே வாங்கியவரும் உண்டு. அத்தனைக்கும் பிறர் கையை எதிர்பார்த்தவர் ஆழ்வான். அதனால் அவர் பெருமை குறைந்ததோ?

ஆத்மாவுக்கு நம் பூர்வாசார்யர்கள் சொல்லும் ஸ்வரூபம் சேஷத்வமும் பாரதந்த்ர்யமும். எம்பெருமானுக்கே உரியவனாயிருத்தல், அவனுக்கு வசப்பட்டிருத்தல். உடம்பு திடமாயிருக்கும் நாளிலே இதை நாம் வாயால் சொல்கிறோம். நெஞ்சிலே, நானே ஸம்பாதித்தேன், நானே நடத்துகிறேன் என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீருக்கும் மருமகளை அழைக்கவேண்டிய நாள் வரும்போது, முன்பு சொன்ன சொல் அனுபவமாகிறது. அப்போது அவள் கையிலே பெறுவதைப் பெருமாள் ஏற்பாடாகப் பெறுபவனுக்குக் கூச்சம் தணியும். பிறர் செய்யும் உபகாரத்தை முகம் சுளிக்காமல் ஏற்பதும் ஓர் அனுஷ்டானமே. அதை ஏற்க மறுப்பவன், அவர்களுடைய கைங்கர்யத்துக்கு இடம் கொடாதவன் ஆகிறான்.

நம் ஊர்த் தறிவீடுகளில் இதற்கு ஓர் உவமை இருக்கிறது. கோர்வைப் பட்டுப்புடவையிலே உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அதை ஒருவர் தனியே நெய்ய இயலாது. நெசவாளர் ஒருபுறம் நாடாவை எறிய, மறுபுறம் கரைக்கென்று துணையாள் ஒருவர் அமர்ந்து, கரையின் ஊடையைச் செலுத்த, இரண்டும் ஒவ்வோர் இழையிலும் பின்னிக்கொண்டு வரவேண்டும். துணையாள் பெரும்பாலும் வீட்டிலுள்ளவரே. துணை வேண்டியிருந்தது என்பதால் அந்தப் புடவையை யாரும் தாழ்வாக மதிப்பதில்லை. கோர்வை என்றாலே விலை கூடுகிறது. நோயாளி உள்ள குடும்பமும் இப்படி இருவர் கையாலே நெய்யப்படுவது.

குழித்தறியிலே பல ஆண்டுகள் அமர்ந்து முழங்காலும் முதுகும் தேய்ந்தவர்களும், மெல்லிழையும் ஜரிகையும் பார்த்துப் பார்த்துக் கண்பார்வை மங்கியவர்களும் இவ்வூரில் உண்டு. அவர்கள் தறியைவிட்டு எழுந்தபின் ஊடைக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறார்கள். பாவின் இறுக்கத்தை விரலால் தடவிப் பார்த்து இளையவர்க்குச் சொல்கிறார்கள். வேலையின் வடிவம் மாறியது. தறியோடு உள்ள உறவு அறவில்லை. கைங்கர்யமும் அப்படியே. பெருமாளுக்கு மாலை கட்டிய கை நடுங்கத் தொடங்கினால், பூவின் பெயரையும் கட்டும் முறையையும் பேத்திக்குச் சொல்லலாம். கோஷ்டியில் நின்று ஸேவித்தவர், கட்டிலில் இருந்தபடியே ஒரு பாசுரத்தை மெல்லச் சொல்லலாம். குரலும் போனால் கேட்கலாம். இரண்டாவது கவலைக்கு விடை இதுவே: நோய் கைங்கர்யத்தின் வடிவை மாற்றும், கைங்கர்யத்தைப் பறிக்க அதனால் ஆகாது.

பணிவிடை செய்பவர்க்கு

இதுவரை நோயாளியைப் பார்த்தே பேசினோம். நோயைச் சுமப்பவர் ஒருவர், அவரைச் சுமப்பவர் வேறொருவர். இவர் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

ஆளவந்தாரின் சிஷ்யர் மாறனேரி நம்பி. ஆசார்யனுக்கு வந்த ராஜபிளவை என்னும் கொடிய கட்டியை, தமக்குத் தரவேண்டும் என்று ப்ரஸாதமாக வேண்டிப் பெற்றவர் என்பர். தாழ்ந்த குலம் என்று ஊரார் ஒதுக்கிய அவருக்கு, நோயுற்ற நாளிலே தளிகை கொண்டுபோய்க் கொடுத்தவர் பெரிய நம்பிகள். திருநாட்டுக்கு எழுந்தருளியபின் அவருக்குச் செய்யவேண்டிய சரம கைங்கர்யத்தையும் அவரே செய்தார். ஊரார் அவரை விலக்கினர். உடையவரும் காரணம் கேட்டபோது, ஜடாயுவுக்குப் பெருமாள் செய்ததையும், விதுரருக்குத் தர்மபுத்ரர் செய்ததையும் எடுத்துக்காட்டி விடையளித்தார். உடையவருக்கே ஆசார்யரான ஒருவர், பெரிய க்ரந்தம் ஒன்றை எழுதுவதற்குச் சமமாக இந்தச் சோற்றுப் பாத்திரத்தை எண்ணினார்.

ஆகையால், நோயாளிக்குப் படுக்கை மாற்றும் மனைவியும், புண்ணைக் கழுவும் மகனும், தங்கள் நித்யாநுஸந்தானம் நின்றுபோயிற்றே என்று வருந்த வேண்டா. பாகவத கைங்கர்யம் நடக்கிறது. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். பணிவிடை செய்பவர் களைத்துப்போவது குற்றம் அன்று. கோயிலிலே கைங்கர்யபரர்கள் முறைவைத்துக்கொள்கிறார்கள். ஒருவரே நாள் முழுவதும் நிற்பதில்லை. வீட்டிலும் அண்ணன் தம்பிகள் முறைவைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பெண்ணின் தலையிலே எல்லாவற்றையும் சுமத்திவிட்டு, அதற்குத் தர்மம் என்று பெயரிடுவது நியாயமன்று. அவள் ஒருவேளை நிம்மதியாகத் தூங்குவதற்கு வழி செய்வதும் கைங்கர்யமே.

வர முடியாதவரிடம் வருகிற வரதன்

அத்திகிரி ஏற இருபத்துநான்கு படிகள். முழங்கால் நோயாளிக்கும் நெஞ்சு நோயாளிக்கும் அவை இருபத்துநான்கு மலைகள். ஸேவிக்க இயலவில்லையே என்று ஏங்குபவர்க்காகவே கச்சியில் ஆண்டுதோறும் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது.

சோளசிம்மபுரத்திலே வாழ்ந்த தொட்டையாசார்யர், வைகாசி ப்ரம்மோத்ஸவத்தில் கருடசேவையை ஸேவிக்க ஆண்டுதோறும் காஞ்சிக்கு வருபவர். உடல் தளர்ந்து ஓராண்டு வர இயலவில்லை. தக்கான்குளக்கரையிலே நின்று, இந்நேரம் வரதன் கோபுரவாசலிலே எழுந்தருளியிருப்பானே என்று உருகினார். வரதன் கருடாரூடனாய் அங்கேயே அவருக்கு ஸேவை ஸாதித்தான். அதன் நினைவாக இன்றும் கருடசேவையன்று கோபுரவாசலிலே பெருமாளைக் குடைகளால் ஒரு கணம் மறைக்கிறார்கள். அதற்குத் தொட்டையாசார்யர் ஸேவை என்றே பெயர். அந்தக் கணத்தில், வந்து கூடியிருக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு ஸேவை இல்லை. வர முடியாத ஒருவருக்கு ஸேவை உண்டு. உடல்நலத்தோடு வந்து நிற்பவர்கள் காத்திருக்க, வீட்டிலிருக்கும் நோயாளிக்காகப் பெருமாள் சென்று வருகிறான் என்பதைக் கச்சி மக்கள் ஆண்டுதோறும் கண்முன் காண்கிறார்கள்.

படுத்த படுக்கையாயிருப்பவர்க்கும் இவ்வூரிலே ஆறுதல் உண்டு. திருவெஃகாவில் பெருமாள் சயனித்திருக்கிறான். திருமழிசைப்பிரான் சொன்னபடி பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து சென்று, அவர் சொன்னபடி மீண்டு வந்து படுத்தவன். அனந்தஸரஸிலே நாற்பது ஆண்டுகள் நீருக்குள் கிடக்கும் அத்திவரதர், 2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் ஸேவை ஸாதித்தபோது, முதல் 31 நாட்கள் சயனத்திருக்கோலமாகவே இருந்தார். கிடப்பவனும் தெய்வமே என்று காட்டும் ஊர் இது.

நினைவே மங்கிப்போகும் நோய்களும் உண்டு. பக்கவாதத்தால் பேச்சும் எண்ணமும் குலைந்தவர்கள், பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கடைசியில் பெருமாளை நினையாமல் போய்விடுவாரோ என்று அவர்கள் குடும்பத்தார் அஞ்சுகின்றனர். பூமிப்பிராட்டிக்கு ஞானப்பிரான் அருளிச்செய்த வராஹ சரம ச்லோகம் இவ்வச்சத்தைத் தீர்ப்பதற்கென்றே இருக்கிறது. மனமும் உடலும் நன்றாயிருந்த நாளிலே தன்னை நினைத்தவன், பின்பு கட்டையும் கல்லும் போலக் கிடக்கும்போது, அவனைத் தானே நினைத்திருந்து அழைத்துக்கொள்வதாக அங்கே எம்பெருமான் பொறுப்பேற்கிறான். அந்திமத்தில் நினைக்கும் வேலை இனி அவனுடையது. நம் வேலை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் அமர்ந்திருப்பது மட்டுமே.

இல்லத்திலே கைக்கொள்ளத்தக்கவை

சாஸ்த்ரம் நோயாளியை வருத்துவதற்கு ஏற்பட்டதன்று. ஏகாதசி உபவாஸத்திலே குழந்தைகளுக்கும் முதியவர்க்கும் பிணியாளர்க்கும் விலக்கு உண்டு. ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கொள்ளும் சர்க்கரை நோயாளி வைத்தியர் சொல்லை மீறிப் பட்டினி கிடப்பது வ்ரதமாகாது. ஸ்நானத்தை ஏழு வகையாகச் சொல்லி, அவற்றுள் மந்த்ரத்தால் செய்யும் ஸ்நானத்தையும், மனத்தாலே எம்பெருமானை நினைக்கும் மானஸ ஸ்நானத்தையும் பெரியோர் வைத்தது, நீரில் மூழ்க இயலாதவர்க்காக அன்றோ? தீட்டு, மடி என்று சொல்லி நோயாளியைப் பெருமாள் உள்ள அறையிலிருந்து விலக்காமல், கட்டிலை அவர் திருவாராதனத்தைப் பார்க்கும்படி போட்டுவைக்கலாம்.

ப்ரஸாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரைப்பொங்கல் கூடாதவர், ஒரு பருக்கையை உள்ளங்கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாயிலிட்டு மற்றதைக் குழந்தைக்குக் கொடுக்கலாம். ப்ரஸாதத்துக்கு அளவு கணக்கில்லை. அது குழந்தைக்குப் போவதிலே ஒரு மகிழ்ச்சி, குழந்தை தாத்தா கையிலே வாங்குவதிலே மற்றொரு மகிழ்ச்சி.

நாளில் ஒரு நாழிகையாவது, நோயைப் பற்றிப் பேசாமல் எல்லாரும் அவருடைய கட்டிலைச் சுற்றி அமர்ந்திருப்பது நல்லது. ஒரு குழந்தை ஒரு பாசுரம் படிக்க, பொருளை அவர் சொல்லட்டும். பட்டர் சிறுபிள்ளையாயிருந்தபோது, ஒரே அடியாரைச் சிறியவர் என்றும் பெரியவர் என்றும் திருவாய்மொழி சொல்வது எப்படிப் பொருந்தும் என்று ஆழ்வானைக் கேட்டார். உருவத்தால் சிறியவராய் ஞானத்தால் பெரியவரான முதலியாண்டான், எம்பார் முதலானோரைச் சுட்டிக்காட்டி ஆழ்வான் தெளிவித்தார். பிள்ளை கேட்கவும் தந்தை சொல்லவும் ஆன அந்தப் பேச்சே பின்னாளில் ஸம்ப்ரதாயத்தை நடத்திய பட்டரை வளர்த்தது. கேள்வி கேட்கும் குழந்தைக்கு விடைசொல்ல, நடக்கும் கால் வேண்டியதில்லை.

நிகமனம்

ஆழ்வான் திருமாளிகையிலே பொன்வட்டில் இல்லை, நாளைக்கு அரிசி இல்லை, பின்பு கண்ணும் இல்லை. மனத்தை மறைக்காத மனைவி இருந்தாள். கேள்வி கேட்கும் பிள்ளைகள் இருந்தனர். தழுவி அழ ஆசார்யன் இருந்தார். பாட வரதன் இருந்தான். நோய் தீரட்டும், பிறகு மகிழ்வோம் என்று அந்த இல்லம் காத்திருக்கவில்லை. நம் இல்லங்களும் காத்திருக்க வேண்டா. இன்று மாலை விளக்கேற்றியதும், கட்டிலில் இருக்கும் பெரியவர் அருகே சென்று, அவருக்குத் தெரிந்த ஒரு பாசுரத்தைச் சொல்லும்படி கேளுங்கள். அவர் பாதியிலே மறந்தால், மீதியை நீங்கள் சொல்லுங்கள்.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜதாஸன்